செம்புப் பக்கம் மேலே

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்டவன் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓடி, கிணற்றில் தண்ணீர் வற்றியதும் தானாக நிற்கும் மோட்டார் ஸ்டார்ட்டர். காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்கு, சூடு மீறினால் சங்கு ஊதும் பெட்டி. ஈரோட்டில் தறி ஓடுகிற குடோனில் நூல் அறுந்தால் விளக்கெரிந்து காட்டிக்கொடுக்கும் பலகை. வோல்டேஜ் எவ்வளவு இறங்கினாலும் டிவி அணையாத ஸ்டெபிலைசர். மாரியம்மன் நோம்பிக்கு மயில் தோகை விரிக்கிற சீரியல் லைட். இத்தனையும் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில், யாரும் வாத்தியாராக வந்து சொல்லித் தராமல் செய்தவை. ஒவ்வொன்றையும் தொடங்கும்போது "உன்னால ஆகாதப்பா" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தான். அவர்களை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன், ஏனென்றால் அவர்களே பிறகு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக ஒன்று செய்தேன். காலேஜ் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து தாங்களே ஈயம் வைத்துச் செய்துகொள்ளக்கூடிய மைக்ரோ கண்ட்ரோலர் போர்டு. ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிற செலவில் முடிந்துவிடும். முன்னே சொன்ன எதையும் எவரும் தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடவில்லை. இதை மட்டும் கொண்டாடுகிறார்கள். செம்புப் பக்கத்தை மேலே வைத்து, அந்தப் பக்கத்திலேயே சாமானைப் பொருத்துகிற முறை யாருடையது என்று எழுதி வைக்கத்தான் இதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறேன்.

இதில் சார் என்று நான் சொல்வது ஒருவரைத்தான். ஓர் இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட நாலைந்து வயது இளையவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், அவர் அப்பாவின் வாழைத்தோட்டத்து மோட்டார் புகைந்துபோய்விட்டது என்று வேனில் போட்டு என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுவது அப்போது எனக்குச் சோறு போட்ட தொழில். நான் எரிந்த கம்பியை உருவிக்கொண்டிருந்தபோது அவர் சுவரில் மாட்டியிருந்த என் ஸ்டார்ட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல எதுக்குங்ண்ணா இத்தனை ரிலே சுவிட்ச்?"

"ஒவ்வொண்ணும் ஒரு சோலி பாக்குதுங்க சார்."

"அத்தனை சோலியையும் ஒரே சிப்பு பாத்துருமுங்க."

"அப்ப இந்த ரிலேவை எல்லாம் என்னுங்க பண்றது? உப்புப் போட்டு ஊற வெக்கறதா?"

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். நாற்பது கால் வைத்த கறுப்புச் சிப்பு, அதுதான் மைக்ரோ கண்ட்ரோலர். என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால் அது பாட்டுக்குச் செய்துகொண்டே இருக்கும் என்றார். பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு வேறு எழுதலாம். இன்றைக்கு மோட்டார் ஓட்டும், நாளைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். ஒரு கம்பியைக்கூடப் பிரித்துக் கட்ட வேண்டாம். வாழ்நாளில் பாதியைக் கம்பி பிரித்துக் கட்டியே கழித்தவனுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு கடைப் பையனிடம் சொல்லி அவருக்கு டீ வரவழைத்தேன்.

சாருக்கு ஒரு மனக்குறை இருந்தது. காலேஜில் இந்தச் சிப்பைப் படிப்பதற்கு இரும்புப் பெட்டிக்குள் வைத்த ஒரு கிட் இருந்தது. அதைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். ஒருவன் பட்டனை அமுக்குவான், மற்றவர்கள் அவன் விரலைப் பார்ப்பார்கள். மணி அடித்ததும் பெட்டி பீரோவுக்குள் போய்விடும். ஆளுக்கொரு போர்டைத் தாங்களே செய்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. சர்க்யூட்டும் அவரே வரைந்து வைத்திருந்தார். போர்டு அச்சடித்துத் தருகிறவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். இரண்டு பக்கமும் செம்பு வைத்துத்தான் செய்வோம், லாரி கணக்கில் சொன்னால்தான் செய்வோம் என்பது போலப் பேசினார்கள்.

"நான் பண்ணித் தாரேனுங்க" என்றேன்.

"பிசிபி போர்டு பண்ணியிருக்கீங்களாண்ணா?"

"இல்லீங்க. காயில் கட்டப் பழகறதுக்கு முந்தி காயிலும் கட்டினதில்லீங்க."

அந்தப் பேச்சை நம்பி, லீவு முடிந்ததும் வகுப்பில் ஆளுக்கொரு போர்டு தருவதாகப் பிரின்சிபாலிடம் அவர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த வாக்கு என் வாக்குத்தான்.

படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர்டு என்பது ஒரு பக்கம் செம்புத் தகடு ஒட்டிய அட்டை. கரண்ட் போக வேண்டிய பாதையைச் செம்பின் மேல் மையால் அச்சடித்து, பெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துவிடும், பாதை மட்டும் நிற்கும். வழக்கப்படி சாமான்கள் அட்டையின் மொட்டைப் பக்கத்தில் உட்காரும். அவற்றின் கால்கள் ஓட்டை வழியாக மறுபக்கம் வந்து செம்போடு ஈயத்தால் ஒட்டும். சாமான் இந்தப் பக்கம், பாதை அந்தப் பக்கம் என்பதால், பாதையை எப்போதும் இடம் வலமாக மாற்றித்தான் வரைய வேண்டும். சார் அப்படித்தான் சரியாக வரைந்து பிலிம் எடுத்துக் கொடுத்தார்.

அச்சடிக்க நான் பிடித்த ஆள், கோயமுத்தூரின் பழைய பேட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்த பாய். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டிக்கர் அடிப்பவர். பூனைக்குட்டிப் படத்தில் மீசை முடியைக்கூடத் தனித்தனியாக நிற்க வைப்பார். அவ்வளவு மெல்லிய கோடு போடுகிறவரை விட்டுவிட்டுப் பெங்களூருக்கு எதற்குப் போக வேண்டும்? இந்த யோசனையும் என்னுடையதுதான்.

பிலிமை அவரிடம் கொடுக்கும் முன்பு சாரிடம் ஒன்று கேட்டேன். போர்டின் மூலையில் என் பட்டறைப் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்றேன்.

"பேரெல்லாம் எதுக்குங்ண்ணா? காலேஜுக்குப் போற சாமான்" என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். அதனால் அந்தப் போர்டில் மருந்துக்கும் ஓர் எழுத்து இல்லை.

அச்சாகி வந்த அட்டைகளை நானே கரைசலில் போட்டேன். அதற்காக எடுத்த பிளாஸ்டிக் டப்பு வீட்டில் துணி ஊற வைப்பது. அது பழுப்பேறியதைப் பார்த்துவிட்டு, "இதுல இனி உங்க சட்டையை மட்டும் ஊற வெக்கறேன்" என்று என் வீட்டுக்காரி சொன்னதோடு நின்றது. டேப் ரிக்கார்டர் மோட்டாரில் ஊசி டிரில் பொருத்தி ஓட்டை போட்டேன். ஓட்டை போட்டு முடித்த அட்டையைப் பார்த்தால் பெங்களூர்க்காரன் தோற்றான். சிப்பைச் செருகுவதற்கான பிளாஸ்டிக் பேஸை வைத்தேன், நாற்பது காலும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் வந்தார். சிப்பைச் செருகி சப்ளை கொடுத்தார். எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. தொட்டுப் பார்த்தால் சிப்பு சுட்டது. பிடுங்கிவிட்டு வேறு போர்டு எடுத்தோம். அதுவும் அப்படியே. அவர் ஒவ்வொரு இடமாக மீட்டர் வைத்துப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வந்த பிறகு, சாமான் பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி தான் முதலில் வரைந்திருந்த படத்தை எடுத்து போர்டின் செம்புப் பக்கத்துக்கு அருகில் வைத்தார். முகம் விழுந்துவிட்டது.

"ஏனுங்ண்ணா, காப்பர் பக்கம் படத்துக்கு எதிர்மாறா இருக்கோணும். இது படம் மாதிரியே இருக்குதுங்க."

சிப்பின் கால்கள் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு. அதனால் எப்படி அடித்தாலும் ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், கரண்ட் மட்டும் வேறு காலுக்குப் போகும். ஒரே ஓர் எழுத்து இருந்திருந்தால் முதல் அட்டையிலேயே இடம் வலமாகத் திரும்பி நின்று பல்லிளித்திருக்கும். என் பெயரைப் போட விட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இதை நான் அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

இருவரும் நேராகப் பாயிடம் போனோம்.

"பாய், அத்தனையும் மாத்தி அடிச்சுப்போட்டீங்க!"

"மாத்தி அடிக்காம? ஸ்டிக்கர்னா மாத்தித்தானுங்க அடிக்கோணும். துணி மேல வெச்சு இஸ்திரி போட்டா நேராயிரும்."

"இதுக்கு எங்கீங்க இஸ்திரி போடறது?"

"அதை முன்னாடியே சொல்லோணும். பனியன்ல ஒட்டறதில்லீன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? பிலிம் கைக்கு வந்தா பொரட்டிப் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். நேரா அடிக்கறதுன்னா கல்யாணப் பத்திரிகைக்காரன்கிட்ட போயிருக்கோணும்."

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பார்க்கும் படம் எல்லாம் திரும்பித்தான் ஒட்டும் என்று இருபது வருடம் பழகின கை. சார் வெளியே வந்து சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"போச்சுங்ண்ணா. புதுசா அட்டை வாங்கி அடிக்க நாளில்லை. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு பிரின்சிபால்கிட்டச் சொல்லிப்போடறேன்."

"சார், மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்துச்சுன்னா அதைத் தூக்கிக் கெணத்துலயா போடறோம்? ரெண்டு ஒயரை மாத்திக் குடுக்கறதில்லீங்களா?"

"இதுல நாப்பதுங்ண்ணா."

"நாப்பதையும் மாத்துவோமுங்க."

சொல்லிவிட்டேனே ஒழிய, எப்படி என்று எனக்கும் தெரியாது. பட்டறைக்குத் திரும்பி ஒரு போர்டையும் சாரின் படத்தையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். செம்பையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், அச்சு அசலாகப் படம் மாதிரியே இருந்தது. பேஸை எடுத்துச் செம்பின் மேலேயே வைத்தேன். எந்தக் கால் எங்கே இருக்க வேண்டும் என்று அவர் படத்தில் போட்டிருந்தாரோ அங்கேயே இருந்தது.

"சார், படம் மாதிரியே இருக்குதுன்னா, படம் இருக்கற பக்கத்துலயே சாமானை வெச்சாப் போச்சுங்களே!"

"காப்பர் பக்கத்துலயா? ஈயம் எங்கீங்ண்ணா வெப்பீங்க?"

"அதே பக்கத்துலதான்."

"பேஸு மறைச்சுக்குமுங்க. ஈயம் உருக்கற அயர்ன் உள்ள போவாது."

அவர் பயந்தது நியாயம். முதல் போர்டில் அயர்னை நுழைத்தபோது பேஸ் உருகி, பட்டறையெல்லாம் நாற்றம். இரண்டாவதைப் பேஸ் இல்லாமல், சிப்பையே நேராக வைத்துச் செய்தேன். பாதிக் காலில் ஈயம் பிடித்தது, பாதியில் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பேஸைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈயம் வைத்தேன், கோணலாகப் போய்விட்டது. சார் மணியைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பீடி பற்ற வைத்தவன், எரிந்த குச்சியைப் போடப் போகும்போது கையைப் பார்த்தேன். இரண்டு குச்சிகளை எடுத்து, மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டு, பேஸுக்கு அடியில் இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று வைத்தேன். பேஸ் சமமாக உயர்ந்து நின்றது. கால் நுனி ஓட்டைக்குள், மீதிக் கால் வெளியே. அயர்ன் நுனி தாராளமாகப் போனது. ஈயம் ஆறியதும் குச்சியை உருவிவிட்டேன். பலகைமேல் கால் ஊன்றி நிற்கிற மேஜை மாதிரி நின்றது பேஸ்.

அடுத்த சிக்கலைச் சார்தான் பார்த்தார். பாதைக்குப் பாதை தாண்டிப்போக ஜம்பர் கம்பி சில போட வேண்டும். மொட்டைப் பக்கத்தில் வெறும் கம்பி போதும். செம்புப் பக்கத்தில் போட்டால் கண்ட இடத்தில் தொட்டுக்கொள்ளும் என்றார். என் பட்டறையில் கம்பிக்கா பஞ்சம்? காயில் கட்டுகிற கம்பிக்கு மேலே வார்னிஷ் பூச்சு உண்டு, ஒன்றை ஒன்று தொட்டாலும் கரண்ட் கடத்தாது. இரண்டு நுனியை மட்டும் சுரண்டி வைத்தேன். வேறு தொழில்காரன் என்றால் இதற்குக் கடை தேடிப் போயிருப்பான்.

சார் சிப்பைச் செருகிச் சப்ளை கொடுத்தார். மூலையில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டியது.

"சிமிட்டுதுங்ண்ணா!" என்று வாத்தியார் சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

"சிமிட்டாம என்னுங்க பண்ணும்? செஞ்சது ஆருங்க?"

சொன்ன நாளில் போர்டுகள் வகுப்புக்குப் போயின. ஒவ்வொரு கவரிலும் அட்டை, சாமான், சுரண்டிய கம்பி, இரண்டு தீக்குச்சி. பிள்ளைகள் குச்சியைப் பார்த்துவிட்டு, "இதை எங்கீங்க சார் கனெக்ட் பண்றது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் போயிருந்தேன், யாராவது பேஸை உருக்கிவிடக்கூடாதே என்று. ஒரு பெண் பிள்ளையின் போர்டில் விளக்கு எரியவில்லை. அழப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"குடு கண்ணு, பாக்கலாம்."

"இருங்க மாமா, நானே பாக்கறேன்" என்றாள். விளக்கின் காலிலிருந்து செம்புப் பாதைமேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். "இங்க வரைக்கும் வருது. இங்க ஈயம் புடிக்கல." அயர்னை எடுத்து ஒரு தொடு தொட்டாள். எரிந்தது.

"வேற போர்டுன்னா பொரட்டிப் பொரட்டிப் பாக்கோணும். பொரட்டுனா எடது வலதாப் போயிரும், கொழம்பிரும். இதுல எல்லாமே கண்ணு முன்னாடி இருக்குதுங்களே" என்றாள் சாரிடம்.

சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்படி ஒரு வசதி அதில் இருப்பது அதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது. அதைக் கண்டது அந்தப் பிள்ளை. அவள் பங்கை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவள் விரல் வைத்துப் பார்க்கும்படி அந்தப் போர்டு ஒன்று இருந்ததே, அது நான் பின்வாங்காததால் இருந்தது.

அடுத்த தடவைக்குச் சாரே, "அதே மாதிரி அடிக்கச் சொல்லுங்ண்ணா" என்றார். பாயிடம் போனேன். "ஒரு முடிவுக்கு வாங்க. இப்ப தப்பைச் சரியா அடிக்கோணுமா, சரியைத் தப்பா அடிக்கோணுமா?" என்று கேட்டார். பிறகு அந்தக் கவர் கோயமுத்தூர் உதிரிச்சாமான் கடைகளிலெல்லாம் தொங்கியது. பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள் ஈரோட்டிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து வாங்கினார்கள். ஒருவர் அதை வைத்துத் தறிக்கு மீட்டர் செய்தார், ஒருவர் கோழிப்பண்ணையில் விளக்குப் போட்டு அணைக்க வைத்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேறொரு காலேஜில் இந்தப் போர்டைப் பற்றிப் பேசச் சாரைக் கூப்பிட்டார்கள். என்னையும் அழைத்துப் போனார், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இங்கிலீஷில் பேசினார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் 'டிசைன்' என்ற வார்த்தை தெரியும், 'ஐ' என்ற வார்த்தையும் தெரியும். இரண்டும் அன்றைக்கு நிறைய வந்தன. மாணவர்கள் பாதையைக் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும் என்றே சாமான்களைச் செம்புப் பக்கம் வைக்கத் தீர்மானித்தாராம். அவ்வளவு கைதட்டு.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன்.

"தீர்மானம் எப்பங்க சார் போட்டீங்க? பேஸு உருகறதுக்கு முன்னாடியா, பொறவா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். "உள்ளதைச் சொன்னா, தப்பா அச்சடிச்ச போர்டைப் பசங்க தலையில கட்டிப்போட்டேன்னு பேசுவாங்கண்ணா."

"அதுக்கு எம்பட பேரை விட்டுப்போடறதுங்களா?"

"உங்க பேரைச் சொன்னா பாயைச் சொல்லோணும், பாயைச் சொன்னா தீக்குச்சியைச் சொல்லோணும்..."

"சொல்லுங்களே. தீக்குச்சிக்கு என்ன கேவலம்? ஊரே அதுலதான் அடுப்பு பத்த வெக்குது."

"நான் புஸ்தகம் போடறப்ப கட்டாயம் எழுதறேனுங்ண்ணா" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார். நானும் விட்டுவிட்டேன். நல்ல மனுசர், இப்போதும் நல்லது கெட்டதுக்கு வந்துபோகிறவர்.

புஸ்தகம் வந்தது, அதுவும் இங்கிலீஷில். நல்ல வழவழப்புத் தாள். நடுப்பக்கத்தில் நம் போர்டின் படம், குச்சி உருவிய இடைவெளிகூடத் தெரிகிறது. அடியில் ஆசிரியர் வடிவமைத்தது என்று போட்டிருப்பதாகப் படித்துச் சொன்னார்கள். நானும் பாயும் எங்கே என்று தேடச் சொன்னேன். முன்னுரையின் கடைசியில், உதவிய உள்ளூர்த் தொழிலகங்களுக்கு நன்றி என்று இருந்ததாம். தொழிலகமா நான்? பெயர் வைத்துக் காது குத்தி வளர்த்த மனுசன்.

அதற்குப் பிறகு அந்தப் புஸ்தகம் பல தடவை அச்சாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் அடுத்த பதிப்பு என்றார். இப்போது சார் ரிட்டையராகிக் கோபியில் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபடி பதிப்பு வருகிறது என்று போன வாரம் போனில் சொன்னார். "நன்றியில சின்னதா ஒரு வரி சேத்தறேனுங்ண்ணா" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு வேண்டியது படத்துக்கு அடியில். நன்றிப் பக்கத்தில் இடம் எனக்கு ஆகாது. சர்க்யூட்டும் புரோகிராமும் சார் என்று போடட்டும், அது உண்மை. அச்சு பாய் என்று போடட்டும். மாற்றி அடித்தார் என்பதையும் சேர்த்தே போடட்டும், அவர் சம்மதித்துவிட்டார். பாதையை விரல் வைத்துக் காட்டிய மாணவிக்கும் ஒரு வரி போடட்டும். அதற்கடுத்து, சாமான்களைச் செம்புப் பக்கம் ஏற்றியதும், தீக்குச்சி வைத்துப் பேஸை உயர்த்தியதும், காயில் கம்பியில் ஜம்பர் போட்டதும் நான் என்று, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு என் முழுப் பெயரைப் போட வேண்டும். சார், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அச்சுக்குப் போகும் முன்பு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன். ஒரு வார்த்தை குறைந்திருந்தாலும் கோபி பஸ்ஸில் ஏறி நேரே தோட்டத்துக்கு வந்து நிற்பேன், போட்டுக் கொடுக்கும் வரை திரும்ப மாட்டேன்.